எதிரில் ஓர் இடம்

நீங்களும் கேம்புக்குத்தான் போறீங்களா, அம்மிணி? பையைப் பார்த்தப்பவே நினைச்சேன். பாயைச் சுருட்டிக் கட்டி வெச்சிருக்கறதைப் பார்த்தா தியானம் படிக்கப் போறாப்பல இருக்குது. செரி செரி, தப்புன்னு சொல்ல வரல. நல்லாப் படிங்க. ஆனா ஒண்ணு. கண்ணை மூடச் சொல்லுவாங்க பாருங்க, அப்ப எதைப் பார்க்கச் சொல்லறாங்கன்னு மொதல்லயே கேட்டுக்குங்க. ஆரு ஆரு எங்கெங்க உட்காரோணும்னு கேட்டுக்குங்க. கேக்காம உட்கார்ந்தீங்கன்னா குடும்பத்துல வில்லங்கம் வந்துரும். எங்கூட்டுல வந்துச்சு. அதனாலதான் சொல்லறேன்.

அந்தச் சன்னலைக் கொஞ்சம் சாத்திருங்க. திம்பம் மலை ஏறி முடியற வரைக்கும் எனக்குத் தலை சுத்தும். பேசிட்டே வந்தாச் சுத்தாது.

எம்பட பேரு துளசிமணி. எங்கூட்டுக்காரரு சென்னியப்பன், சத்தியமங்கலத்துல மக்காச்சோள ஏவாரம். கோழித்தீவனத்துக்கு வாங்கி அனுப்பறது. கேம்புன்னா மலை தாண்டிக் கன்னடப் பக்கம். அங்க இருக்கற திபெத்துக்காரங்களுக்குப் பூராவும் சோளக்காடுதானுங்க. அறுப்புக் காலம் வந்தா இவரு மேல போயித் தங்கி, எடை போட்டு, லாரியில ஏத்திட்டுத்தான் எறங்குவாரு. பல வருசத்துப் பழக்கம். அதுல பெம்பான்னு ஒருத்தரு ரொம்ப நெருக்கம். ஒரு காலத்துல ஈரோட்டுல ரோட்டோரம் ஸ்வெட்டர் வித்த ஆளு. தமிழு நம்மளாட்டவே பேசுவாரு. பொண்டாட்டி செத்த பொறவு தலைய மொட்டையடிச்சு, செவப்புத் துணி சுத்திட்டு, மடத்துல சேர்ந்துட்டாரு.

போன வருசம் எங்கூட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சுங்க. பொரண்டு பொரண்டு படுப்பாரு. கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு. அவரு எப்பவுமே அப்படித்தான். பேச்சே கெடையாது. டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு, கேக்கல. அப்பறம் கேம்புக்குப் போயிட்டு வந்தவரு, வெடிகாலையில எந்திரிச்சு சோளமூட்டை அடுக்கற ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்க ஆரம்பிச்சாரு. மூட்டை மேல சாக்கை விரிச்சு, கண்ணை மூடி உட்கார்ந்துக்குவாரு. நான் சந்து வழியாப் பார்த்தேன். பார்க்காம இருக்க முடியுங்களா? நம்ம ஊட்டு மனுசன், நம்ம ஊட்டுக் கதவு.

பார்த்தா, சிரிச்சிட்டு இருக்காரு.

கலியாணத்தன்னைக்குப் போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு கத்துனான். அன்னைக்கே சிரிக்காத மனுசன். இங்க ஆருமில்லாத ரூமுல மூட்டை மேல உட்கார்ந்துட்டுச் சிரிக்கறாரு.

டீயைக் கையில குடுத்துட்டுக் கேட்டேன். “ஏனுங்க, கண்ணை மூடிட்டு எதையப் பார்க்கறீங்க?”

மத்த ஆம்பளைங்களா இருந்தா ஏதாச்சும் சமாளிப்பாங்க. இவரு சொல்லறாரு, “ஒரு பொம்பளப்புள்ளைய.”

“எந்தப் பொம்பளப்புள்ளைய?”

“பச்சையா இருக்கும். தாமரை மேல உட்கார்ந்திருக்கும். பதினாறு வயசு.”

பதினாறுங்க! எனக்கு அந்த வயசு இருக்கறப்பத்தான் இவரு என்னையப் பொண்ணு பார்க்க வந்தாரு. அன்னைக்குத் தலைய நிமிர்த்தி என்னையப் பார்த்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் விடலைங்க. என்ன கட்டியிருக்கறான்னு கேட்டேன். பட்டு, நகைன்னாரு. எப்படி உட்கார்ந்திருக்கறான்னு கேட்டேன். ஒரு காலை மடக்கி, ஒரு காலைக் கீழ எறக்கி வெச்சிருப்பாளாம். கையில ஒரு பூவாம். “காலை எதுக்கு எறக்கி வெச்சிருக்கறா?”ன்னேன்.

“ஆராச்சும் கஷ்டம்னு கூப்பிட்டா, ஒடனே எந்திரிச்சு வர்றதுக்கு.”

“நான் கூப்பிடாமயே வருவேன். கஷ்டம்னா எங்கிட்டச் சொல்லறதுக்கென்ன?”

டீயைக் குடிச்சாரு. டம்ளரை எங்கையில திருப்பிக் குடுத்தாரு.

அப்பறம் மெதுவா மெதுவாத்தான் வாயிலிருந்து வாங்குனேன். தெனமும் அவளைக் கண்ணுக்குள்ள கொண்டாரோணுமாம். வெரலு, நகம், காதுத் தோடு, எல்லாம் ஒண்ணொண்ணாத் தெளிவா வரோணுமாம். வந்த பொறவு அவ மேலிருந்து ஒரு வெளிச்சம் அடிக்குமாம். கடைசியில அவ அப்படியே கரைஞ்சு, இவரு உச்சந்தலை வழியா உள்ள போயிருவாளாம்.

“உள்ள போயி?”

“அப்பறம் ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லைன்னா?”

“ஒண்ணுமே இல்ல, துளசி. அவளும் இல்ல, நானும் இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு எந்திரிச்சு வருவேன்.”

ஒண்ணுமில்லாம இருக்கறதுக்கு எதுக்குங்க ஒரு பொம்பள? நீங்களே சொல்லுங்க.

இதோட நின்னிருந்தாக்கூட, சாமி கும்பிடறாரு, போவுதுன்னு விட்டிருப்பேன். ஒரு நாள் வாசல்ல நின்னு போன்ல அந்தப் பெம்பாகிட்டப் பேசிட்டு இருந்தாரு. நான் அம்மியடியில இருக்கறேன், காதுல உழுவுது. “இன்னைக்கு டோல்மா நல்லா வந்தாங்க. மொகம் மட்டும் நிக்க மாட்டீங்குது”ங்கறாரு. செரி, பச்சைக்காரிக்குப் பேரு இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அன்னைக்குச் சாயந்திரமே அவரு போன் அடிக்குது. அவரு குளிக்கறாரு. எடுத்துப் பார்த்தா, ‘டோல்மா’ன்னு பேரு வருது!

கண்ணுக்குள்ள இருக்கறவ எப்படிங்க போன் பண்ணுவா? ‘அலோ’ன்னேன். பொம்பளக் குரலு. கன்னடத்துல என்னமோ சொல்லிட்டு வெச்சுட்டா. இவரு ஈரத்தலையோட வந்தாரு. “ஆருங்க இந்த டோல்மா?”ன்னேன். “கேம்புல சோளம் போடற அம்மா”ன்னு சொல்லிட்டுத் தலைய தொவட்டப் போயிட்டாரு. அவ்வளவுதான். மூஞ்சியில ஒரு மாத்தமுமில்ல. மாத்தம் இருந்தாக்கூட நான் நம்பியிருப்பேன்.

திருப்பூர்ல எம்பட மவ ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இதே பஸ்ல ஏறுனேன். எறங்கி, மொதல்ல பார்த்த பொம்பளைகிட்ட, “டோல்மா ஊடு எங்க?”ன்னு கேட்டேன். அந்தம்மா, “நான்தான் டோல்மா”ங்கறா. பல்லில்லாத கெழவி. பக்கத்துல காய் நறுக்கிட்டு இருந்த புள்ளையக் காட்டி, “இவளும் டோல்மா”ங்கறா. கடைக்குள்ள ஒருத்தி எட்டிப் பார்த்தா. அவளும் டோல்மாவாம். மூணு பேரும் சிரிக்கறாங்க. நம்மூர்ல லட்சுமின்னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பிப் பார்க்குமில்ல, அந்தக் கதை. அந்தச் சாமி பேரைத்தான் எல்லாத்துக்கும் வெச்சிருக்கறாங்க. போன் பண்ணுனது அந்தப் பல்லில்லாத அம்மாதான். லாரி எப்ப வரும்னு கேட்டிருக்கறா. எனக்குச் சோறு போட்டா. நல்லவதான், சொல்லோணுமில்ல.

அங்கயே திரும்பியிருக்கோணும். எங்க திரும்புனேன்? வந்தது வந்துட்டோம், அந்தப் பெம்பாவையும் ஒரு புடி புடிச்சுட்டுப் போலாம்னு மடத்துக்குப் போனேன்.

பெம்பா நல்லாத்தான் கும்பிட்டு உட்கார வெச்சாரு. செவுத்துல துணியில எழுதுன படம் தொங்குது. பச்சைப் பொண்ணு, பூவு, எறக்கி வெச்ச காலு, எல்லாம் எங்கூட்டுக்காரரு சொன்னாப்பலயே. பார்த்தா வேத்துப் பொம்பளையாத் தெரியல, அம்மனாட்டந்தான் இருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் சப்புன்னு போச்சு. “இதையத்தான் தெனம் பார்க்கறாரா? இது மட்டுந்தானா?”ன்னு கேட்டேன்.

“இது மட்டும் இல்லைம்மா. எல்லாரையும் உட்கார வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும். தனியா உட்காரக் கூடாது. வலது பக்கம் அப்பா. இடது பக்கம் அம்மா. பின்னாடி சொந்தக்காரங்க, சிநேகிதக்காரங்க. சுத்தி ஒலகத்துல இருக்கற அத்தனை உசுரும்”ன்னாரு.

“முன்னாடி?”

“முன்னாடி எதிரி.”

“எதிரியைக் கொண்டாந்து எதுக்குங்க முன்னாடி வெக்கறீங்க?”

“பின்னாடி வெச்சா மறந்துருவோம்மா. நமக்கு மட்டும் நல்லது கேட்டுட்டு எந்திரிச்சிருவோம். முன்னாடி இருந்தா மறக்க முடியாது. சாமிகிட்டயிருந்து வர்ற வெளிச்சம் அவங்க மேலயும் படணும். அவங்களை விட்டுட்டு நமக்கு மட்டும் கெடைக்காது.”

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. “எங்கூட்டுக்காரருக்கு எதிரியே இல்லைங்க. காக்காயைக் கூடக் கல்லெடுத்துத் தொரத்த மாட்டாரு”ன்னேன்.

பெம்பா தரையப் பார்த்தாரு. அப்பறம், “டீ சாப்பிடறீங்களா?”ன்னாரு.

டீயாம்! ஒரு கேள்வி கேட்டா ஆம்பளைங்களுக்கு ஒடனே டீ ஞாபகம் வந்துருது. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, எங்கூட்டுக்காரருக்கு முன்னாடி ஒருத்தரு உட்கார்ந்திருக்காங்க, இந்தாளுக்கு ஆருன்னு தெரியும்னு.

பஸ்ல எறங்கற வரைக்கும் அதே ரோசனைதான். காட்டு வரப்புத் தகராறுக்காரனா? எடையில ஏமாத்துன லாரிக்காரனா? ஊட்டுக்கு வந்து, கை கால் கூடக் கழுவாமக் கேட்டேன். அவரு சாக்குத் தெச்சிட்டு இருந்தாரு. “திருப்பூர்ல மவ நல்லா இருக்காளா?”ன்னாரு.

“நான் கேம்புக்குப் போனேன். உங்களுக்கு முன்னாடி ஆரு உட்கார்ந்திருக்கறது?”

கோணூசி அப்படியே நின்னுச்சு. நானும் வரப்புக்காரன் பேரைச் சொன்னேன். தலைய ஆட்டுனாரு, இல்லைன்னு. லாரிக்காரன் பேரைச் சொன்னேன். இல்ல. “பின்ன ஆருங்க?”

“நீதான், துளசி”ன்னாரு.

கோவமில்ல, ஒண்ணுமில்ல. மழை வந்தாச்சுன்னு சொல்லறாப்பல சொன்னாரு.

அம்மிணி, கட்டுன நாள்லயிருந்து சோறாக்கிப் போட்டவ நான். அவருக்குக் காய்ச்சல்னா நான் கோயிலைச் சுத்துனவ. என்னையக் கொண்டுபோயி எதிரியா உட்கார வெச்சிருக்கறாரு, தெனமும், பொழுது வெடியறதுக்கு முன்னாடி! அழுதேன். பாத்திரத்தைப் போட்டு ஒடைச்சேன். “எதிரின்னா எதிர்ல இருக்கறவங்க, அவ்வளவுதான்”னு சமாதானம் சொல்லறாரு. ஆராச்சும் ஒத்துக்குவாங்களா?

அழுது முடிச்சுட்டு, செரி, வேற எடம் கேக்கலாம்னு பார்த்தேன். “என்னைய மாத்தி உட்கார வையுங்க”ன்னேன்.

“பின்னாடி வெச்சுப் பார்த்தேன். நிக்க மாட்டீங்கற. கண்ணை மூடுனா முன்னாடி வந்துர்ற.”

“அப்ப எடது பக்கம் வையுங்க. உங்க அம்மாதான் நீங்க கைக்குழந்தையா இருக்கறப்பவே செத்துப்போச்சே. அந்த எடம் காலியாத்தானே கெடக்கும்?”

“அங்க அக்கா இருக்குறாங்க.”

இந்த அக்கா கதையச் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். அவருக்கு ஒரே அக்கா, அருக்காணின்னு பேரு. எனக்கு நங்கை மொறை. அம்மா செத்த பொறவு இவரைத் தூக்கி வளர்த்துனது அவங்கதான். கட்டிக் குடுத்த எடத்துல புருசன் போயி, புள்ளையில்லாம, பொறந்த ஊட்டுக்கே வந்துட்டாங்க. நான் கலியாணமாகி வந்தப்ப அவங்க கையிலதான் சோத்துப்பானை. நான் குத்தம் சொல்லல. ஆனா தம்பிக்கு அவங்கதான் பெசைஞ்சு வெப்பாங்க. ரெண்டு பேரும் தாழ்வாரத்துல என்னமோ பேசிட்டிருப்பாங்க, நான் வந்தா நின்னுரும். எனக்கோ வருசக்கணக்காப் புள்ளையில்ல. ஒரு நாள் படுக்கையத் தட்டிப் போடறேன், அடியில ஒரு முடிச்சு. மஞ்சத்துணியில எள்ளு, என்னமோ வேரு. செய்வினைன்னுதான் நான் நினைச்சேன். கேட்டா, “உனக்குப் புள்ள நிக்கறதுக்குத்தான் சாமியாடிகிட்ட வாங்கியாந்தேன்”னாங்க. அப்படி நல்லதுக்கு வெக்கறவங்க எதுக்குங்க ஒளிச்சு வெக்கோணும்?

“அவங்க இருக்கற ஊட்டுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்”னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் நான் சொன்னது. போகச் சொல்லி நான் சொல்லல. ரெண்டு நாள் போச்சு. மூணாவது நாள், நங்கை சோத்துல கை வெச்சிட்டு உட்கார்ந்திருக்கறாங்க, இவரு போயி முன்னால நின்னு, “எந்திரிங்கக்கா, போலாம்”ன்னாரு. அவங்களும் கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாங்க. தின்னு முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அது அவரு பண்ணுனது. பவானியில சித்தி ஊட்டுக்குப் பின்னாடி ஒரு ரூமுல கொண்டுபோயி விட்டாரு. அவங்க போன மறு வருசமே எம்பட மவ பொறந்தா. பார்த்துக்குங்க. நான் சந்தேகப்பட்டது செரியாத்தானே போச்சு?

இப்ப இவரு சொல்லறாரு, எடது பக்கம் அக்கா இருக்குறாங்களாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, “எந்திரிக்கச் சொல்லுங்க!”ன்னு கத்திட்டேன்.

அவரு சாக்கைக் கீழ வெச்சாரு. என்னைய நேராப் பார்த்தாரு. கட்டுன நாள்லயிருந்து அப்படி அவரு பார்த்து நான் பார்த்ததில்ல. “ஒருக்கா எந்திரிக்கச் சொல்லியாச்சு, துளசி. இன்னொருக்கா சொல்ல மாட்டேன்”னாரு.

அன்னைக்கு ராத்திரி அவரும் சோறு கேக்கல, நானும் போடல.

அடுத்தடுத்த நாளு, அவரு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்துனாப் போதும், எனக்கு அடுப்படியில இருப்புக் கொள்ளாது. இப்ப அங்க நான் உட்கார்ந்திருப்பேனே, எந்தச் சீலை கட்டிட்டு உட்கார்ந்திருப்பேனோ, மூஞ்சிய எப்படி வெச்சிருப்பேனோன்னு இருக்கும். நங்கை எடது பக்கத்துல ராணியாட்டம் இருப்பாங்க. நான் எதிர்ல, குத்தம் பண்ணுனவளாட்டம்.

அப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சு. பக்கத்துல இருக்கறவங்களை ஆராச்சும் கண்ணை மூடி நினைச்சுப் பார்ப்பாங்களா? தூரத்துல இருக்கறதாலதானே கொண்டாந்து உட்கார வெக்கறாரு? ஆளையே ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டா அந்த எடம் காலியாகும். காலியான எடத்துல நான் உட்கார்ந்துக்குவேன். சிரிக்காதீங்க, அம்மிணி. எனக்கு அப்ப ஞாயமாத்தான் பட்டுச்சு. இப்பவும் ஞாயந்தான்.

சொல்லாமக் கொள்ளாம பவானிக்குப் போனேன். ரூமுக்கு முன்னால உட்கார்ந்து நங்கை புளி கொட்டை எடுத்துட்டு இருந்தாங்க. ரொம்ப இளைச்சுட்டாங்க. என்னையப் பார்த்ததும் எந்திரிச்ச வேகத்துல மடியில இருந்த கொட்டையெல்லாம் செதறுச்சு. “தம்பிக்கு என்னாச்சு?”ன்னாங்க.

“அவரு நல்லா இருக்காரு. நான்தான் வந்தேன்.”

நம்பல. “அவன் மூச்சு விடறானில்ல?”ன்னு மறுக்காக் கேக்கறாங்க. நான் தலையிலடிச்சுச் சத்தியம் பண்ணுன பொறவுதான் உட்கார்ந்தாங்க. “அப்பறம் எதுக்கு வந்தே?”ன்னு ஒரு பார்வை. என்னமோ நான் வெசம் கொண்டாந்தாப்பல. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் பச்சைப் பொண்ணு, வெளிச்சம், வலது பக்கம், எடது பக்கம், எல்லாத்தையும் சொன்னேன். அம்மா எடத்துல அவங்க இருக்கறதையும் சொன்னேன். நான் எங்க இருக்கறேன்னும் சொன்னேன். சொல்லித்தானே ஆகோணும்.

சிரிச்சாங்க பாருங்க! சேலைத் தலைப்பை வாயில வெச்சுட்டுச் சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வருது, சிரிப்பு நிக்கல. அப்பறம் நின்னுபோச்சு. தண்ணி மட்டும் வந்துட்டே இருந்துச்சு. “அந்தப் பையன் அம்மா மொகத்தையே பார்த்ததில்ல. அதனாலதான் என்னைய வெச்சிருக்கறான்”னாங்க.

“நீங்க ஊட்டுக்கு வந்துருங்க, நங்கை”ன்னேன்.

தலைப்புல கண்ணைத் தொடைச்சாங்க. “உனக்கு அந்த எடம் வேணும். அதுக்குத்தானே கூப்பிடறே?”

என்னங்க சொல்லறது? ஆமான்னேன்.

“செரி. அதுக்குன்னாலும் வாரேன்”னு சொல்லிட்டு, கொடியில கெடந்த சீலைய உருவி மடிச்சாங்க. ஒரு பை கூட ரொம்பல. அவ்வளவுதான் அவங்க சாமானம்.

மத்தியானம் வந்து எறங்குனோம். வாசல்ல தராசு போட்டு எடை நடக்குது. இவரு மூட்டைக்கு அந்தப் பக்கம் குனிஞ்சிட்டு இருக்காரு. நாங்க ரெண்டு பேரும் படலுகிட்ட நிக்கறோம். அவங்க பை எங்கையில இருக்குது. அவரு நிமிர்ந்தாரு. பார்த்தாரு. மூஞ்சி பூரா சோளத்தூசி. கையத் தொடைக்கோணும்னு கூடத் தோணல அவருக்கு. அப்பறம், “வாங்க”ன்னாரு.

அவ்வளவுதான். திரும்பி உள்ள ஓடிப்போயிப் பாயை விரிச்சாரு.

இப்ப அவங்க எங்கூடத்தான் இருக்காங்க. ரசம் அவங்க வெச்சாத்தான் நல்லா இருக்குது, அதைய ஒத்துக்கறேன். அக்காளும் தம்பியும் இப்பவும் நான் வந்தாப் பேச்சை நிறுத்தறாங்க, அதையும் நான் கவனிச்சுட்டுத்தான் இருக்கறேன். இவரு காலையில உட்கார்றதை நிறுத்தல. எடது பக்கம் காலியாச்சான்னு கேட்டேன். சிரிக்கறாரு. முன்னாடி இப்ப ஆருன்னு கேட்டேன். அதுக்கும் சிரிப்புத்தான். இப்ப எடை போடக் கேம்புக்குப் போனவரு சக்கரை மாத்திரைய ஊட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டாரு. அதைக் குடுக்கற சாக்குல நானே அந்தப் பெம்பாகிட்டக் கேட்டுரலாம்னுதான் போறேன். அவரும் டீ சாப்பிடறீங்களான்னுதான் கேப்பாரு, தெரியும்.

ஆனா எனக்கு மனசுல குத்திட்டு இருக்கறது அது இல்லைங்க, அம்மிணி. அன்னைக்கு வாசல்ல ‘வாங்க’ன்னாரு பாருங்க, அது. அக்காளை அவரு எப்பவும் வாங்க, போங்கன்னுதான் சொல்லுவாரு. என்னைய வா, போம்பாரு. அவங்க மட்டும் நின்னிருந்தாலும் ‘வாங்க’தான். ரெண்டு பேரைச் சேர்த்துக் கூப்பிட்டாலும் ‘வாங்க’தான். அவரைக் கேட்டா, ஞாபகமில்லைங்கறாரு. நங்கையைக் கேட்டா, “உனக்கும் சேர்த்துத்தான், போடி”ங்கறாங்க. அவங்க சொன்னா நான் எப்படி நம்பறது?

நீங்க படிச்சவங்க. ரெண்டு பக்கமும் சேராத ஆளு. நீங்க சொல்லுங்க. அந்த ‘வாங்க’ ஆருக்குங்க?